நீலப் புறாவும் வில்லெல்லாவின் மண்டையோடும்

1855இல் சார்ல்ஸ் டார்வின் புறா வளர்க்க ஆரம்பித்தார். லண்டனுக்குத் தென்கிழக்கே டவுன் என்ற கிராமத்தில் அவர் வீடு. தோட்டத்தில் புறாக்கூடு கட்டி, கிடைத்த இனத்தையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். லண்டனில் இரண்டு புறா கிளப்புகளில் உறுப்பினரானார். வடசென்னையில் மொட்டைமாடிப் புறாக்காரர்களோடு பேசிப் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் புரியும். கர்ணப் புறாவுக்கும் ஹோமருக்கும் வித்தியாசம் தெரியாதவனை அவர்கள் மதிப்பதே இல்லை. லண்டனிலும் அப்படித்தான். டார்வின் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டார்.

உள்ளூர்ப் புறா போதாமல் வெளிநாட்டுப் புறாக்களின் தோல்களையும் வரவழைத்தார். இந்தியாவிலிருந்து அனுப்பியவர் மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த வால்டர் எலியட். அமராவதி பௌத்தச் சிற்பங்களைத் தோண்டியெடுத்து மெட்ராஸுக்குக் கொண்டுவந்த அதே எலியட்தான். 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே டார்வின் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

இத்தனை புறா எதற்கு? விசிறிபோல வாலை விரிப்பது, தொண்டையைப் பலூன் மாதிரி ஊதுவது, பறக்கும்போதே குட்டிக்கரணம் போடுவது என்று இனத்துக்கு ஒரு வித்தை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூதாதை இருந்திருக்க வேண்டும் என்று வளர்ப்பவர்கள் பலர் நம்பினார்கள். எல்லாமே ஒரே ஒரு காட்டுப் புறாவிலிருந்து வந்தவை என்பது டார்வினின் கட்சி. நாம் மாடப்புறா என்று சொல்கிற, கோயில் கோபுரத்திலும் அபார்ட்மெண்ட் ஏசி பெட்டியின் மேலும் உட்கார்ந்திருக்கிற அதே நீலச் சாம்பல் நிறப் புறா. இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும்.

தூய வெள்ளை விசிறிவால் புறாவையும் தூய கறுப்பு 'பார்ப்' புறாவையும் அவர் கலந்தார். பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகக் குஞ்சுகள் வந்தன. அந்தக் குஞ்சுகள் வளர்ந்ததும் அவற்றைத் தங்களுக்குள் இணைத்தார். மூன்றாம் தலைமுறையில் ஒரு குஞ்சு நீலமாகப் பிறந்தது. இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, வெள்ளை இடுப்பு, பட்டை போட்ட வால், அச்சு அசல் மாடப்புறா. தாத்தா வெள்ளை என்றால் பாட்டி கறுப்பு, பேரப்பிள்ளை இரண்டும் இல்லாத நீலம்.

தன் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி டார்வினுக்குக் கிடைத்திருக்க முடியாது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் காணாமல்போன மூதாதையின் அங்க அடையாளம் அவர் தோட்டத்தில் சிறகடித்தது.

*

இந்த நிகழ்வுக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள பெயர் அட்டாவிசம். 'அட்டாவஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அப்பாவில் தொடங்கி மேலே எண்ணினால் ஐந்தாவது ஆள், அதாவது தாத்தாவின் தாத்தாவுக்கு அப்பா. தமிழில் முதுமரபு மீட்சி என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் நம்மிடம் இதற்கு ஏற்கெனவே புழக்கத்தில் சொற்கள் உண்டு. "அப்படியே அவங்க பாட்டன் ஜாடை" என்போம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைச் சுமப்பவன் என்று பொருள். பாட்டன் திரும்பி வருகிறான் என்ற எண்ணத்துக்கு நாம் உறவுமுறையிலேயே இடம் போட்டு வைத்திருக்கிறோம்.

பெயர் இருந்ததே தவிர, இது எப்படி நடக்கிறது என்று டார்வினுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதியதை ஒப்பாகச் சொன்னார். மறைந்த பண்புகள் உடலுக்குள் எழுதப்பட்டபடியே கிடக்கின்றன, ஏதோ ஒரு கலக்கம் நேரும்போது வெளியே தெரிகின்றன என்பது அவர் கருத்து. அழகான ஒப்புமைதான். ஆனால் மை எது, காகிதம் எது, எவ்வளவு காலம் அழியாமல் இருக்கும், எதெல்லாம் எழுதப்பட்டிருக்கும் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பற்றிய தன் கட்டுரையை 1866இல் வெளியிட்டுவிட்டார். அதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வழிமுறை தெரியாத கருத்து ஒரு காலிப் பெட்டி மாதிரி. அதற்குள் யாரும் எதையும் வைக்கலாம். முதலில் வைத்தவர்களில் டார்வினும் ஒருவர். 1871இல் வெளிவந்த 'மனிதனின் மரபுவழி' நூலில், சில குடும்பங்களில் காரணமே தெரியாமல் தலைகாட்டும் மோசமான குணங்கள் காட்டுமிராண்டி நிலைக்குத் திரும்புதலாக இருக்கலாம் என்று எழுதினார். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார். ஆனால் புறாவின் இறக்கைப் பட்டையிலிருந்து மனிதனின் குணத்துக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தாவியாயிற்று.

*

'இருக்கலாம்' என்று தயங்காதவர் இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ. அவர் கையில் ஒரு மண்டையோடு இருந்தது. அது ஜுசெப்பே வில்லெல்லா என்பவருடையது. இத்தாலியின் தெற்குக் கோடியிலுள்ள கலாப்ரியாவில், மோட்டா சாந்தா லூச்சியா என்ற சின்ன ஊரைச் சேர்ந்த ஏழை. திருட்டுக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டு, 1864இல் வடக்கே பவியா நகரில் இறந்தார். மண்டையின் பின்புற அடியில், வழக்கமாக ஒரு சின்ன மேடு இருக்கும் இடத்தில், வில்லெல்லாவுக்குக் குழி இருந்தது. அந்த மாதிரிக் குழி கீழ்நிலை விலங்குகளில் இருப்பது என்று லொம்ப்ரோசோ முடிவுகட்டினார். பல ஆண்டுகள் கழித்து, அந்தக் குழியைப் பார்த்த கணத்தை ஞானோதயம் கிடைத்தது போல விவரித்தார். குற்றவாளி என்பவன் நம் காலத்தில் தவறிப் பிறந்துவிட்ட ஆதிமனிதன் என்ற கோட்பாடு அங்கிருந்து கிளம்பியது.

1876இல் 'குற்ற மனிதன்' என்ற நூலாக அது வெளிவந்தது. பெரிய தாடை, துருத்திய கன்ன எலும்பு, கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் காது, வலி உறைக்காத உடம்பு, பச்சை குத்திக்கொள்ளும் ஆசை என்று அடையாளப் பட்டியல் நீண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் புத்தகம் பெருத்தது. பிறவிக் குற்றவாளிகள் குற்றவாளிகளில் ஒரு பகுதியினர்தான் என்று பின்னால் சுருக்கிக்கொண்டார். மூலக் கருத்தை மட்டும் விடவில்லை.

இத்தாலி அப்போதுதான் ஒரே நாடாகியிருந்தது. வடக்கு பணக்காரப் பகுதி, தெற்கு வறண்ட பகுதி. தெற்கில் புதிய அரசை எதிர்த்துக் கலகங்கள் நடந்தன, அவற்றை ராணுவம் ஒடுக்கியது. லொம்ப்ரோசோவும் ராணுவ மருத்துவராகக் கலாப்ரியாவில் இருந்தவர்தான். பசியால் திருடிய ஒரு தெற்கத்தி ஏழையின் மண்டையில் அவர் பார்த்த குழி, அரசு தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளையெல்லாம் விழுங்கிவிட்டது. நிலம் யாரிடம் இருந்தது, ஏன் திருடினார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அவர் தாத்தனுக்கும் முந்தைய யாரோ ஒருவர் அவருக்குள் திரும்பி வந்துவிட்டார் என்றால் வழக்கு முடிந்தது.

இதை எண்களால் சோதித்தவர் சார்ல்ஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர். சுமார் 3,000 கைதிகளை அளந்து, கல்லூரி மாணவர்கள், ராணுவ வீரர்கள் போன்றோரின் அளவுகளோடு ஒப்பிட்டு 1913இல் வெளியிட்டார். தனியான குற்றவாளி உடல்வகை என்று ஒன்று இல்லை என்பது முடிவு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவரும் பரம்பரையாக வரும் அறிவுக் குறைவே குற்றத்துக்குக் காரணம் என்று வேறு வழியாக அதே வீட்டுக்குள் நுழைந்தார்.

*

டார்வின் அந்த வாக்கியத்தை எழுதிய அதே 1871இல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. லொம்ப்ரோசோவின் புத்தகத்துக்கு ஐந்து வருடம் முந்தையது என்பதால் அவரிடமிருந்து வந்ததாகச் சொல்ல முடியாது. அது வேறு வேரிலிருந்து வந்தது. இந்தியாவில் தச்சன் மகன் தச்சன் என்றால் திருடன் மகனும் திருடனாகத்தான் இருப்பான் என்று சாதியைப் பார்த்து ஆங்கிலேய அதிகாரிகள் போட்ட கணக்கு அது. ஆனாலும் இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்தவை. எதிரே நிற்கும் ஆள் என்ன செய்தான் என்று பார்க்காமல், அவன் யார் வழியில் வந்தவன் என்று பார்ப்பது இரண்டுக்கும் பொது.

ஆங்கிலத்தில் அது பழங்குடிகளைக் குறிக்கும் சொல்லோடு இருக்கிறது. தமிழில் அதன் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். சட்டத்தை அனுபவித்த மொழி, சட்டத்தின் உட்கருத்தை நேராகப் பிடித்துப் பெயர் வைத்துவிட்டது.

முதலில் வட இந்தியாவுக்கு மட்டும் இருந்த சட்டம் 1911 திருத்தத்துக்குப் பிறகு மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர், குறவர் உட்படப் பல சமூகங்கள் பட்டியலுக்குள் போயின. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல்துறை கணக்கெடுக்கும்போது ஆஜராக வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்னது இதைத்தான். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கைரேகையை அறிவியலாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன். மரபின் மீது வெறியே கொண்டவர். இனத்துக்கு இனம் ரேகை மாறும் என்று எதிர்பார்த்துத்தான் தேடினார். அப்படிச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை என்று 1892இல் தன் நூலிலேயே ஒப்புக்கொண்டார். ரேகை சொல்வதெல்லாம் இவன் இவன்தான், வேறு யாரும் இல்லை என்பது மட்டுமே. அந்த ரேகையை வைத்துத்தான் இங்கே பிறந்த சமூகத்துக்காக ஆட்களைப் பட்டியல் போட்டார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் 1947இல் சட்டம் ரத்தானது, இந்தியா முழுக்க 1952இல். அந்தச் சமூகங்கள் இன்று சீர்மரபினர். "ரத்தத்துல ஊறினது" என்ற பேச்சுக்கு மட்டும் ரத்துச் சட்டம் எதுவும் இல்லை.

*

சரி, அந்த நீலப் புறா? அதற்குப் பதில் ஒரு பூவிலிருந்து வந்தது.

மெண்டலின் கட்டுரை 1900இல் மறுபடி கவனத்துக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சனும் ரெஜினால்ட் பன்னெட்டும் ஸ்வீட் பீ என்ற அழகுச் செடியில் வேலை பார்த்தார்கள். இரண்டு வெள்ளைப் பூ வகைகளைக் கலந்தார்கள். குஞ்சுச் செடிகள் அத்தனையும் ஊதாவாகப் பூத்தன. சிசிலியில் காட்டில் பூக்கும் மூலச் செடியின் நிறம் அது. அடுத்த தலைமுறையில் நிறமுள்ளதும் வெள்ளையும் 9:7 என்ற விகிதத்தில் வந்தன.

அந்த விகிதம்தான் ரகசியத்தை உடைத்தது. ஊதா நிறம் உண்டாக இரண்டு ஜீன்கள் வேலை செய்ய வேண்டும். ஒரு வெள்ளை வகையில் முதலாவது பழுதாகியிருந்தது, இரண்டாவது நன்றாக இருந்தது. இன்னொன்றில் நேர்மாறு. இரண்டு ஸ்கூட்டர், ஒன்றில் இன்ஜின் இல்லை, ஒன்றில் சக்கரம் இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு வண்டி ஓடும். இதில் மூதாதை எங்கே வந்தார்? சிசிலிச் செடியின் ஆவி எதுவும் இறங்கவில்லை. இரண்டு வகைகளிலும் எப்போதும் இருந்த நல்ல பாகங்கள் மறுபடி சந்தித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

டார்வினின் புறாவும் இதே மாதிரிதான். கறுப்புப் புறாவில் நிறத்தை உடம்பு முழுக்கப் பரப்பும் ஒரு ஜீன் இறக்கைப் பட்டையை மூடியிருந்தது. வெள்ளையில் நிறமே படியாமல் இன்னொன்று தடுத்திருந்தது. இரண்டு திரையும் விலகிய பேரக்குஞ்சில் நீலம் தெரிந்தது. நீலம் எங்கேயும் போயிருக்கவே இல்லை.

*

புறாவிலும் பூவிலும் பிரிந்த காலம் கொஞ்சம்தான். கோடி ஆண்டுக் கணக்கில் காணாமல்போனவை?

1994இல் சார்ல்ஸ் மார்ஷலும் எலிசபெத் ராஃப், ருடால்ஃப் ராஃப் இருவரும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். பயன்பாட்டில் இல்லாத ஜீனை இயற்கைத் தேர்வு பாதுகாக்காது. பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். 5 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகள்வரை அது மறுபடி உயிர்பெற ஓரளவு வாய்ப்பு உண்டு. ஒரு கோடி ஆண்டைத் தாண்டினால் அனேகமாக இல்லை. என் தொழிலில் பத்து வருடத்துக்கு முன் கமெண்ட் போட்டு முடக்கிய கோட் அப்படியே கிடக்கும். கமெண்டை எடுத்தால் அதே எழுத்துகள். உயிரில் அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. ஓடாத கோடில் ஒவ்வொரு தலைமுறையும் எழுத்துப் பிழை சேர்க்கும், சரிபார்க்க ஆள் இல்லை.

அப்படியானால் கோழிக்குப் பல் எப்படி முளைத்தது?

முளைத்தது உண்மை. பறவைகள் பல்லை இழந்து சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டால்பிட்-2 என்ற திரிபு கொண்ட கோழிக் கருக்கள் முட்டைக்குள்ளேயே செத்துவிடும். 2006இல் மேத்யூ ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் அந்தக் கருக்களின் தாடையில் சின்னச் சின்னக் கூம்புகளைப் பார்த்தார்கள். முதலைக் கருவில் முதன்முதலாக முளைக்கும் பற்களைப் போன்ற கூம்புகள்.

மார்ஷல் கணக்கு தப்பா? இல்லை. பல்லைத் தொடங்கச் சொல்லும் ஜீன்கள் பல்லுக்கு மட்டும் சொந்தமானவை இல்லை. அவற்றில் ஒன்றின் பெயர் சானிக் ஹெட்ஜ்ஹாக், வீடியோ கேம் முள்ளெலியின் பெயர்தான். அது இல்லாமல் கோழிக்கு இறகு வராது, காலில் விரல் பிரியாது. தினமும் வேலை பார்ப்பதால் அது பழுதாகவில்லை. பல் எனாமலைச் செய்யும் ஜீன்களோ பல்லுக்கு மட்டுமே உரியவை. அவை பறவைகளில் சிதைந்து துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. அதனால் அந்தக் கூம்புகளில் எனாமல் இல்லை. கோழியிடம் இருப்பது டைனோசரின் பல் கிடையாது. பல்லைத் தொடங்கும் பழக்கம் மட்டும் மிச்சம், முடிக்கும் கருவி போய்விட்டது.

1919இல் கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கம் பிடிபட்ட கூன்முதுகுத் திமிங்கிலத்துக்குப் பின்னங்கால்கள் இருந்தன, ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். திமிங்கிலக் கருவில் இன்றும் பின்னங்கால் மொட்டு தோன்றி மறைகிறது. அதில் மறைவது நடக்கவில்லை. காட்டில் நடந்த மூதாதை கடலுக்குத் திரும்பி வந்ததாகச் சொல்லலாம், கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் நடந்தது, இப்போதைய ஒரு கருவில் இப்போதைய ஒரு வேலை முடியாமல் நின்றது.

*

இந்த வித்தியாசம் ஏதோ சொல்லாராய்ச்சி என்று தோன்றலாம். அப்படி இல்லை.

அபூர்வமாகச் சில குழந்தைகள் முதுகின் அடியில் வால் போன்ற சதை நீட்சியோடு பிறக்கின்றன. நம் நாட்டில் உடனே அனுமார் அவதாரம் என்பார்கள், படித்தவர்கள் பரிணாமத்தின் எச்சம் என்பார்கள். இரண்டு பேரும் பார்ப்பது மூதாதையை. மருத்துவர் முதலில் பார்ப்பது முதுகுத்தண்டை. அந்த மாதிரி நீட்சிகள் பல நேரம் தண்டுவடம் சரியாக மூடாததன் வெளி அடையாளம். ஸ்கேன் எடுக்காமல் கும்பிட்டுக்கொண்டோ வியந்துகொண்டோ இருந்தால் அந்தக் குழந்தையின் கால்கள் செயலிழக்கக்கூடும்.

1866இல் ஜான் லாங்டன் டவுன் என்ற மருத்துவர், ஒரே சாயலில் இருந்த மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பார்த்து, ஆங்கிலேயப் பெற்றோருக்கு மங்கோலிய இனத்துக்குச் சரிந்த பிள்ளைகள் பிறப்பதாக எழுதினார். 1924இல்கூட ஒரு மருத்துவர் அதை மூதாதை மீட்சியாக்கி, ஒராங்குட்டான்வரை கோடு இழுத்துப் புத்தகம் போட்டார். 1959இல் ஜெரோம் லெஜூன் குழு உண்மைக் காரணத்தை வெளியிட்டது. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தது. அந்தக் குழந்தைகள் எங்கேயும் பின்னோக்கிப் போகவில்லை, அவர்களிடம் ஒன்று கூடுதலாக இருந்தது. அந்தப் பழைய பெயரைக் கைவிடும்படி மங்கோலியா 1965இல் உலக சுகாதார நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நடுவில் நூறு வருடம், எத்தனையோ பிள்ளைகள் தவறான பெயரோடு வாழ்ந்து செத்திருந்தார்கள்.

பாட்டன் ஜாடை பேரனுக்கு வரும். அதை ரசிப்பதில் ஒரு தவறும் இல்லை. மூக்கைப் பற்றிச் சொல்லும்வரை அது பாசம். குணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது அது மெல்லத் தீர்ப்பாக மாறுகிறது. எந்த மூதாதையும் முழு ஆளாகத் திரும்பி வருவதில்லை. உடைந்தும் உழைத்துக்கொண்டும் மிச்சமிருக்கும் பாகங்கள்தான் வருகின்றன, அவை வந்து சேர்வது எப்போதும் ஒரு புதிய ஆளிடம்.

டூரின் நகரில் லொம்ப்ரோசோவின் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2009இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வில்லெல்லாவின் மண்டையோடு அங்கேதான் இருக்கிறது. தன் உடலை அறிவியலுக்கு எழுதிவைத்த லொம்ப்ரோசோவின் எலும்புக்கூடும் அதே கட்டடத்தில் நிற்கிறது. தங்கள் ஊர்க்காரரின் தலையைத் திருப்பித் தாருங்கள், அடக்கம் செய்ய வேண்டும் என்று மோட்டா சாந்தா லூச்சியா ஊராட்சி வழக்குப் போட்டது. 2012இல் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2017இல் மேல்முறையீட்டில் அது மாறியது. 2019இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் மண்டையோடு அருங்காட்சியகத்திலேயே இருக்கலாம் என்று முடித்துவிட்டது. வில்லெல்லா இன்னும் ஊர் திரும்பவில்லை.